அரை நாள் சோலி

2011 பிப்ரவரியில் மக்கள்தொகைக் கணக்கெடுக்க எங்கள் வீட்டுக்கு ஓர் ஆசிரியை வந்தார். அம்மா அப்போதுதான் அளத்திலிருந்து திரும்பி, வாசல் தொட்டியில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். கணுக்கால்வரை உப்பு பூத்திருந்தது. "என்ன வேலை பாக்கீங்க?" என்று கேட்டார் ஆசிரியை. அம்மா சேலை நுனியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எனக்கென்னம்மா, வீட்டு வேலைதான். காலைல அளத்துல ஒரு அர நாள் சோலி, அவ்வளவுதான்" என்றாள். ஆசிரியை படிவத்தில் எதையோ குறித்தார். நான் எட்டிப் பார்த்தேன். அம்மாவுக்கு நேராக, வீட்டு வேலை செய்பவர்களுக்கான கட்டம் நிரம்பியிருந்தது.

ஆண்டில் 183 நாளோ அதற்கு மேலோ வேலை செய்தவரை அந்தக் கணக்கெடுப்பு முதன்மைத் தொழிலாளர் என்றது. அதற்குக் குறைந்தால் வேறு பட்டியல். தை, மாசியில் அளத்தில் இறங்கினால் வடகிழக்குப் பருவமழை பிடிக்கும்வரை அம்மா இறங்கிக்கொண்டேதான் இருப்பாள். எண்ணிப் பார்த்திருந்தால் 183 தாண்டியிருக்கும். யாரும் எண்ணவில்லை, அவளும் எண்ணவில்லை. பகுதிநேர வேலை, குறைந்த கூலி, நியாயமான வேலைக் கொள்கை என்று இன்று பேசப்படுவதையெல்லாம் கேட்கும்போது எனக்கு நினைவுக்கு வருவது அந்தக் கட்டம்தான். 'அரை நாள்' என்ற சொல்லை அம்மாவின் வாயில் வைத்தது யார் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

அந்த அரை நாள் அதிகாலை மூன்றரைக்குத் தொடங்கும். எழுந்து உலை வைத்து, எங்களுக்குச் சோறும் குழம்பும் ஆக்கி மூடிவைத்துவிட்டு, தூக்குச்சட்டியில் நீராகாரத்தோடு நாலரைக்குத் தெருமுனையில் நிற்பாள். லோடு ஆட்டோ வரும், சில நாள் வராது. வந்தால் ஆறு பேர் உட்காரும் இடத்தில் பதினாறு பேர். வெயில் ஏறுமுன் வேலை முடிய வேண்டும் என்பதால் விடியும்போதே பாத்தியில் கால் வைத்துவிடுவார்கள். வாருபலகையால் உப்பை வாரி வரப்போரம் கூட்டுவது பெரும்பாலும் ஆண்கள். அதை அள்ளித் தலையில் சுமந்து, வரப்பில் வழுக்காமல் நடந்து, தட்டுமேட்டில் ஏறி அம்பாரமாகக் கொட்டுவது பெண்கள். பதினொன்று, பன்னிரண்டுக்கு வேலை முடியும். பிறகு கணக்கப்பிள்ளை வரவேண்டும், ஆட்டோ வரவேண்டும். வீடு திரும்ப ஒன்றரை ஆகிவிடும். மூன்றரைக்கு எழுந்தவள் ஒன்றரைக்குத் திரும்பினால் பத்து மணி நேரம். ஊரில் அதற்குப் பெயர் அரை நாள்.

எங்கள் பகுதியை அறியாதவர்களுக்கு ஒரு விளக்கம். தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில் ஆறுமுகநேரிக்கும் காயல்பட்டினத்துக்கும் இடையே இருக்கிறது சாகுபுரம். பழைய ஊர் அல்ல. 1950களின் இறுதியில் ரசாயன ஆலை வந்தபோது உருவான குடியிருப்பு, ஆலை முதலாளிகளின் குடும்பப் பெயரான 'சாகு'விலிருந்து பிறந்த ஊர்ப்பெயர். உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சிக் காஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுப்பது அங்கே அடிப்படைத் தொழில். சோப்பு, காகிதம், துணி என்று எதைத் தொட்டாலும் காஸ்டிக் சோடா வேண்டும், காஸ்டிக் சோடாவுக்கு உப்பு வேண்டும். ரசாயனத் தொழிலின் முதல் படியில் உப்பளம் இருக்கிறது, உப்பளத்தில் பெண்களின் தலைச்சுமை இருக்கிறது.

சிறுவயதில் நான் பார்த்த காட்சி இது. விடியற்காலையில் சாலையின் ஒரு பக்கம் முதல் ஷிப்டுக்குச் சைக்கிளில் போகும் ஆண்கள், மறுபக்கம் அளத்து ஆட்டோவுக்குக் காத்திருக்கும் பெண்கள். நிரந்தரப் பணியில் இருந்த ஆணுக்கு ஷிப்டு எட்டு மணி நேரம், வருகைப் பதிவு உண்டு, கூடுதல் நேரத்துக்குக் கூடுதல் பணம், வைப்புநிதி, பணி ஓய்வு நாள் எல்லாம் உண்டு. அவருடைய நேரம் எங்கோ எழுதப்பட்டது. எதிர்ப்பக்கம் நின்றவளின் நேரம் எங்கும் எழுதப்படவில்லை. எழுதப்படாத நேரத்தைத்தான் பாதி என்று சொல்லிவிட முடிந்தது.

ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடி உப்பளங்களுக்கு நேரில் வந்து, தொழிலாளர்களோடு பழகி எழுதிய 'கரிப்பு மணிகள்' 1979இல் வெளியானது. எங்கள் கரையின் பெண் உழைப்பை நாவலாக்கிய அந்தப் புத்தகத்தைக் கல்லூரியில் படித்தபோது, அம்மாவின் வேலை அச்சில் வரக்கூடிய விஷயம் என்பதே எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. இலக்கியம் அவளைப் பார்த்துவிட்டது. கூலியை நிர்ணயிக்கும் கோப்புகள் அவளை எப்படிப் பார்த்தன என்பதைத் தேடிப் படிக்க எனக்கு இன்னும் பத்து வருடம் பிடித்தது.

அந்தக் கோப்புகளில் முதலில் படிக்க வேண்டியது 1957இல் நடந்த 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாட்டின் தீர்மானம். குறைந்தபட்சக் கூலியைத் தேவையின் அடிப்படையில் கணக்கிட வேண்டும் என்று சொன்ன, தொழிற்சங்கங்கள் இன்றும் பெருமையோடு குறிப்பிடும் தீர்மானம். பெருமைப்பட வேண்டியதும்தான். ஒரு தொழிலாளர் குடும்பத்தை மூன்று நுகர்வு அலகுகளாக அது வகுத்தது. ஆண் 1, மனைவி 0.8, இரண்டு பிள்ளைகள் தலா 0.6. ஆளுக்கு 2,700 கலோரி உணவு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கெஜம் துணி, வாடகை, எரிபொருள் என்று கணக்குப் போட்டது. சம்பாதிப்பவர் ஒருவர். பெண்கள், சிறுவர்கள், வளரிளம் பருவத்தினர் ஆகியோரின் வருமானத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றும் சொன்னது.

இந்தக் கடைசி வரிக்கு நல்ல நோக்கம் உண்டு. மனைவியும் பிள்ளையும் சம்பாதிக்கிறார்களே என்று காட்டி ஆணின் கூலியை முதலாளி குறைத்துவிடக் கூடாது என்பது அது. ஆனால் அதே வரிக்குள் இன்னொரு முடிவும் ஒளிந்திருக்கிறது. குடும்பத்தைத் தாங்கும் கூலி ஆணுடையது, பெண் கொண்டுவருவது மேல்வரும்படி. மேல்வரும்படிக்குக் குறைந்தபட்சம் என்ன வேண்டிக்கிடக்கிறது? என் அப்பா நான் ஆறாவது படிக்கும்போதே போய்விட்டார். எங்கள் வீட்டில் அந்த ஒரு அலகு காலி. மிச்சமிருந்த 0.8, தன்னையும் இரண்டு 0.6களையும் உப்புச் சுமந்து காப்பாற்றியது. அவளுக்குக் கிடைத்தது 'கைச்செலவுக்கு ஆகும்' என்ற கணக்கில் நிர்ணயிக்கப்பட்ட பெண்ணாள் கூலி.

சட்டம் இதை அனுமதிக்கவில்லையே என்று கேட்கலாம். உண்மைதான். ஆண், பெண் தொழிலாளருக்குச் சம ஊதியம் என்ற சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 100ஆவது உடன்படிக்கையை இந்தியா 1958இல் ஏற்றது. 1976இல் சம ஊதியச் சட்டம் வந்தது. ஒரே வேலைக்கு, அல்லது ஒத்த தன்மையுள்ள வேலைக்கு, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்றது. எல்லா ஓட்டையும் 'ஒத்த தன்மையுள்ள வேலை' என்ற சொல்லில்தான் இருக்கிறது. ஆண் வாருகிறான், பெண் சுமக்கிறாள். வேலை வேறு, ஆகவே கூலி வேறு என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் வாருவது ஆணுக்கு, சுமப்பது பெண்ணுக்கு என்று பிரித்தது யார்? தலையில் சுமையோடு வரப்பில் ஆயிரம் நடை நடப்பதற்குத் திறன் வேண்டாம் என்று தீர்மானித்தது யார்? முதலில் வேலையைப் பிரிக்கிறார்கள், பிறகு பிரிந்திருப்பதையே காரணமாகக் காட்டிக் கூலியைப் பிரிக்கிறார்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள ஊதியத் தொகுப்புச் சட்டமும் அதே 'ஒத்த தன்மை' என்ற சொல்லைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறது. யாருடைய அளவுகோலில் ஒத்த தன்மை என்பதை அதுவும் சொல்லவில்லை.

1948ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தில் 15ஆவது பிரிவு என்று ஒன்று இருந்தது. நாட்கூலிக்காரர் ஒருவர் முழு வேலைநாளுக்குக் குறைவாக வேலை செய்திருந்தாலும், அந்தக் குறைவுக்கு அவருடைய விருப்பமின்மை காரணமாக இல்லாவிட்டால், முழு நாள் கூலி தர வேண்டும் என்றது அது. வேலை கொடுக்காதது முதலாளியின் பொறுப்பு என்பது இதன் பொருள். புதிய சட்டமும் இதை 10ஆவது பிரிவாக வைத்துக்கொண்டிருக்கிறது. இதைப் படித்த அன்று அம்மாவிடம் சொன்னேன். உப்பு விளையவில்லை, லாரி வரவில்லை என்று பாதியில் திருப்பி அனுப்பப்பட்ட நாள்களுக்கெல்லாம் உனக்கு முழுக்கூலி கேட்க வழி இருந்திருக்கிறது என்றேன். அவள் சிரித்தாள். "போட்டி. கேட்டா மறுநா ஆட்டோவுல ஏத்துவானாக்கும்?"

அவள் கேட்டது சட்டப் புத்தகத்துக்கு அந்தப்பக்கம் இருக்கும் கேள்வி. நாளைக்கு வேலை உண்டா இல்லையா என்று தெரியாதவள் இன்றைய கூலிக்காகச் சண்டை போட முடியாது. 1982இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வாங்கும் வேலை கட்டாய உழைப்புக்குச் சமம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பசியும் வேறு வழியின்மையும்கூட ஒருவகைக் கட்டாயமே என்ற புரிதல் அந்தத் தீர்ப்பில் உண்டு. மறுநாள் ஆட்டோவில் இடம் கிடைக்காதோ என்ற பயத்தையும் அந்தக் கணக்கில்தான் நான் சேர்ப்பேன்.

இது உப்பளத்தோடு முடிகிற கதை அல்ல. படித்துவிட்டால் தப்பித்துவிடலாம் என்றுதான் அம்மா எங்களைப் படிக்கவைத்தாள். தையலும் கைவேலையும் கற்பிக்கப் பக்கத்து ஊர்ப் பள்ளி ஒன்றில் பகுதிநேர ஆசிரியையாக நான் சேர்ந்தேன். வாரத்தில் மூன்று நாள், பிற்பகல் மட்டும் என்றார்கள். குழந்தை கைக்குழந்தை, எனக்கும் அது வசதியாகத்தான் பட்டது. ஆண்டுவிழாவுக்கு உடை தைக்க மற்ற நாள்களிலும் வரச் சொன்னார்கள். பெற்றோர் கூட்டத்துக்கு, தேர்வு மேற்பார்வைக்கு, ஆசிரியர் வராத வகுப்பைப் பார்த்துக்கொள்ள என்று ஒவ்வொன்றாகக் கூடியது. சம்பளம் மட்டும் பகுதியாகவே இருந்தது, கோடை விடுமுறையில் அதுவும் இல்லை. கேட்டபோது, "உங்க வீட்டுக்காரர் வேலையில இருக்காருல்ல டீச்சர்?" என்றார்கள். 1957இன் மூன்று அலகுக் கணக்கை அவர்கள் படித்திருக்க வாய்ப்பில்லை. படிக்காமலே தெரிந்திருந்தது.

அரசும் இந்தக் கணக்கில்தான் வேலை கொடுக்கிறது. தமிழக அரசுப் பள்ளிகளில் 2012இல் தையல், ஓவியம், இசை, கணினி, உடற்கல்வி ஆகியவற்றுக்காக 16,000க்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள், மாதம் 5,000 ரூபாய், மே மாதத்துக்குச் சம்பளம் கிடையாது. பல போராட்டங்களுக்குப் பிறகு 2021இல் அது 10,000 ஆனது, 2023இல் 12,500 என்று அறிவித்தார்கள். மே மாதத்தில் வயிறும் விடுமுறை எடுத்துக்கொள்ளும் என்று நினைத்தார்களோ என்னவோ.

சத்துணவு, அங்கன்வாடிப் பெண்களின் விஷயத்தில் சொற்களே போதும். அவர்கள் வாங்குவது சம்பளம் அல்ல. அதற்கு 'மதிப்பூதியம்' என்று ஒரு சொல், 'தொகுப்பூதியம்' என்று இன்னொரு சொல், அதிகம் போராடினால் 'சிறப்புக் காலமுறை ஊதியம்' என்று மூன்றாவது. அலுவலகத்தில் கோப்பு தள்ளுபவருக்குக் காலமுறை ஊதியம். ஊர்ப் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்டு, எடை பார்த்து, கர்ப்பிணிகளைக் கணக்கெடுக்கும் பெண்ணுக்கு மதிப்பு மட்டும். இத்தனைக்கும் இதே அரசு 2023 செப்டம்பரில் மாதம் 1,000 ரூபாய்த் திட்டத்துக்கு 'உரிமைத் தொகை' என்று பெயர் வைத்தது. வீட்டு உழைப்பை அங்கீகரிக்கும் பெயர் என்று அதை நான் வரவேற்கிறேன். வீட்டுக்குள் செய்யும் வேலைக்கு உரிமை என்று சொல்லத் தெரிந்த அரசுக்கு, தன் சொந்தக் கட்டடத்துக்குள் செய்யும் வேலைக்குச் சம்பளம் என்று சொல்ல ஏன் நா எழவில்லை?

நீதிமன்றங்கள் இந்தச் சொல் விளையாட்டைக் கண்டுகொள்ளத் தொடங்கியிருக்கின்றன. குஜராத் அங்கன்வாடி ஊழியர்களும் உதவியாளர்களும் தொடுத்த வழக்கில் 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று தீர்ப்பளித்தது. அவர்கள் செய்யும் வேலையைப் பகுதிநேர வேலை என்று ஏற்க முடியாது என்றும் சொன்னது. 2024 டிசம்பரில், மத்திய நீர் ஆணையத்தின் அலுவலகத்தில் பல ஆண்டுகள் பகுதிநேரப் பணியாளர் என்ற பெயரில் துப்புரவு செய்துவந்த ஜக்கோ உள்ளிட்டோரின் வழக்கில், அவர்களைப் பணிநிரந்தரம் செய்யச் சொன்னது. முத்திரையைப் பார்க்காதே, வேலையைப் பார் என்பது இரு தீர்ப்புகளுக்கும் பொது. ஆனால் ஒவ்வொரு ஜக்கோவும் டெல்லிவரை போக முடியாது. எங்கள் தெருமுனையில் நிற்பவர்கள் திருச்செந்தூர் தாலுகா அலுவலகம் போவதற்கே ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும்.

இங்கே ஒரு மறுப்பை எதிர்கொண்டாக வேண்டும். குறைந்த நேரம் வேலை செய்வதைப் பெண்களே விரும்புகிறார்களே, நீயும் விரும்பித்தானே சேர்ந்தாய்? ஆம், விரும்பினேன். 2024ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், கூலியில்லா வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளுக்குச் சராசரியாக 289 நிமிடங்களும் ஆண்கள் 88 நிமிடங்களும் செலவிடுவதாக வருகிறது. வீட்டில் ஐந்து மணி நேரம் வாங்கிக்கொண்டபிறகு வெளியே அரை நாளுக்கு மேல் முடியாது என்று சொல்பவளின் விருப்பம், முக்கால்வாசி மற்றவர்களுடைய வசதி. ஆகவே எல்லாப் பெண்களும் முழுநேரத்துக்கு மாற வேண்டும் என்பது என் கோரிக்கை அல்ல. வீட்டில் வேறொருத்தி சமைத்துப்போடும் ஆணுக்காக வகுக்கப்பட்டது அந்த 'முழுநேரம்'. அதை அளவுகோலாக வைத்துத்தான் நம்மைப் பகுதி என்கிறார்கள். குறைந்த நேரம் வேலை செய்யும் உரிமை வேண்டும். குறைந்த நேரம் என்பதால் குறைந்த மனிதராக நடத்தப்படக் கூடாது. இரண்டையும் சேர்த்தே கேட்கிறேன்.

இது கேட்கக் கூடாத கேள்வியும் அல்ல. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1994இல் பகுதிநேர வேலைக்கென்றே 175ஆவது உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. மணிக்கணக்கில் பார்த்தால் பகுதிநேரத் தொழிலாளியின் அடிப்படைக் கூலி முழுநேரத் தொழிலாளியினுடையதைவிடக் குறையக் கூடாது, மகப்பேறு, நோய் விடுப்பு, சங்க உரிமை ஆகியவற்றில் பாகுபாடு கூடாது என்றது. ஐரோப்பிய ஒன்றியம் 1997இல் இதேபோன்ற விதியைத் தன் நாடுகளுக்கு வகுத்தது. இந்தியா 175ஐ இன்றுவரை ஏற்கவில்லை.

ஏற்றாலும் அது எங்கள் தெருமுனைக்குப் போதாது. மணிக்கு இவ்வளவு என்று விகிதம் போட, மணியை யார் எண்ணுவது என்று முதலில் தீர வேண்டும். ஆட்டோவுக்கும் கணக்கப்பிள்ளைக்கும் காத்திருந்த நேரம் வேலை நேரமாக வேண்டும். வரச் சொல்லித் திருப்பி அனுப்பினால் முழுக்கூலி என்ற சட்டப்பிரிவைத் தொழிலாளி கேட்டுத்தான் தர வேண்டும் என்றில்லாமல், ஆய்வாளர் அளத்துக்கு வந்து பார்க்க வேண்டும். வருகைப் பதிவின் ஒரு நகல் அவள் கையில் இருக்க வேண்டும். பருவம் முடிந்தபின் வரும் மாதங்களும் இந்தத் தொழிலின் பகுதியே என்று ஏற்க வேண்டும். 2022 முதல் தமிழக அரசு உப்பளத் தொழிலாளர்களுக்கு 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் தருகிறது. கடைசியில் யாரோ அந்த மூன்று மாதங்களைக் கண்டார்களே என்பது ஆறுதல். ஆனால் அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை 92 நாள். வகுத்தால் நாளுக்கு 54 ரூபாய். அதற்குப் பெயரும் நிவாரணம்தான், ஊதியம் அல்ல.

அம்மா இப்போது அளத்துக்குப் போவதில்லை. முழங்கால் விட்டுவிட்டது, உள்ளங்காலில் வெடிப்பு ஆறவேயில்லை. பணிக்கொடை, ஓய்வூதியம், வேலை செய்ததற்கான ஒரு துண்டுச் சீட்டு, எதுவும் கிடையாது. இந்தக் கட்டுரைக்காக ஒருநாள் அவளை உட்காரவைத்து, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அவளுடைய அரை நாளைக் கணக்குப் போட்டேன். பாத்தியில் நின்ற நேரம், ஆட்டோவில் போய்வந்த நேரம் என்று எழுதி எட்டு என்று கூட்டினேன். எழுத்துக்கூட்டிப் படிக்கத்தான் அவளுக்குத் தெரியும், ஆனால் எண்களில் தவறமாட்டாள். தாளைத் திருப்பி வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"உலை வச்சத விட்டுட்ட. கணக்கப்பிள்ளை வார வரைக்கும் வெயில்ல இருந்தோம்லா, அதையும் சேத்துக்கோ ஏட்டி" என்றாள்.

சேர்த்தேன். பத்து வந்தது. அவள் தாளை மடித்து, ரேஷன் அட்டை வைத்திருக்கும் பைக்குள் வைத்துக்கொண்டாள்.